ஏழு கொசுவம்

காந்தி ரோட்டில் மயில்வாகனம் முதலாளியின் பட்டுக்கடையில் பல வருடமாக நான் சேலை கட்டுகிறேன். விற்கிறேன் என்று சொல்லவில்லை, கட்டுகிறேன். கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்களுக்குச் சேலையை விரித்துக் காட்டினால் போதாது. “உடம்புல வெச்சுக் காட்டுங்க” என்பார்கள். உடனே விற்பனையாள் வெள்ளை மெத்தையிலிருந்து எழுந்து, பேண்ட் சட்டைக்கு மேலேயே சேலையைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இந்த மீசையோடு நான் கட்டிப் பார்த்த முகூர்த்தப் பட்டுகளுக்குக் கணக்கே இல்லை. தாலி மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு யாருக்கோ போய்விடும்.

என் பெயர் ஜான்சன். வீடு ஏனாத்தூரில். என் மனைவி ஏஞ்சல் அங்கே ஒரு கல்லூரி விடுதியில் சமைக்கிறாள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அண்டா அண்டாவாக வடித்துக் கொட்டிவிட்டு வந்து, எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தில் சோறு அளந்து வைப்பாள். கர்த்தர் குடும்பங்களை அமைக்கும்போது அவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

நான் குண்டன். இப்படிச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது, ஊரே சொல்லி முடித்துவிட்டது. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சேலையை நான் சுற்றினால் முன்பக்கம் இரண்டு கொசுவத்துக்குத்தான் துணி மிஞ்சும். வருகிற பார்ட்டிகள் சேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சர்க்கரையும் வந்துவிட்டது. சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டிச் சின்னதாக்கினார்கள். ஒரே வருடத்தில் பாதி ஜான்சன் காணாமல் போனான். கொசுவம் ஏழு வந்தது. முதலாளி என்னைக் கடை வாசலுக்கு நேராக நிறுத்தினார். நானும் முந்தானையைச் சரியவிட்டு, இடுப்பில் கை வைத்து நிற்கப் பழகிக்கொண்டேன். அந்த நிற்பை இப்போது நினைத்தாலும் எனக்கே உடம்பு கூசுகிறது.

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வீட்டில் இருந்தது. பேட்டரி தீர்ந்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். எனக்கு எதற்கு மெஷின்? தினமும் பத்துத் தடவை சேலை கட்டுகிறேன், ஏழு கொசுவம் வருகிறது, அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சட்டை பட்டன் மட்டும் ஒவ்வொன்றாகத் தெறித்தது. தையல்காரன் சரியில்லை என்று வேறு ஆளை மாற்றினேன்.

இதில் இன்னொரு சமாசாரம் இருக்கிறது. எங்கள் கடையில் பார்ட்டி உட்கார்ந்ததும் ரோஸ் மில்க்கோ பாதாம் பாலோ வரும். விற்கிறவனும் கூடவே ஒரு டம்ளர் குடிக்க வேண்டும். நாம் குடிக்காமல் அவர்களுக்கு மட்டும் கொடுத்தால் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று நினைப்பார்கள். சேர்ந்து குடித்தால் சொந்தக்காரன் ஆகிவிடலாம். முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்கு எத்தனை குடும்பத்துக்கு நான் சொந்தக்காரன் என்று எனக்கே தெரியாது. வெட்டிச் சின்னதாக்கிய வயிற்றில் நாலாவது வாய் சோறு இறங்காது. ஆனால் ரோஸ் மில்க் கேட்பாரில்லாமல் இறங்கும்.

போன வருடக் கடைசியில் நெஞ்செரிச்சல் ஆரம்பித்தது. படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறி வரும். மூன்று தலையணை அடுக்கி, உட்கார்ந்த மாதிரியே தூங்கினேன். ஏஞ்சல் கேட்டபோது, “ராஜா மாதிரி சாஞ்சு தூங்கறேன், உனுக்கு இன்னா?” என்று சமாளித்தேன். கடைசியில் அவளே இழுத்துக்கொண்டு போய் அதே ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள்.

டாக்டர் சந்தியா வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்.

“போன தடவை பண்ண ஆபரேஷன்ல சிலருக்கு ஆசிட் மேல ஏறும் சார். உங்களுக்கு உணவுக்குழாய் புண்ணாயிருக்கு. எடையும் முக்கால்வாசி திரும்பிடுச்சு, சர்க்கரையும் திரும்புது. மறுபடி ஆபரேஷன் பண்ணி, வயித்து பைபாஸா மாத்திட்டா நல்லது. ரெண்டாவது தடவைங்கறதால ரிஸ்க் கொஞ்சம் ஜாஸ்திதான். யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா அப்படியே விட்டுடாதீங்க.”

எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. எடை திரும்பிவிட்டது என்றது மட்டும்தான் விழுந்தது.

“உங்க மெஷின்ல ஏதோ கோளாறு மேடம். எனுக்கு இன்னும் ஏழு கொசுவம் வருது.”

டாக்டர் ஏஞ்சலைப் பார்த்தார். ஏஞ்சல் தரையைப் பார்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “வேணாம்யா. கடையில அழகா நிக்கறதுக்கு மறுபடியும் கத்தி வெச்சுக்கணுமா? குண்டாவே இரு. உசுரோட இரு.”

எனக்கும் அது வசதியாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும்போதெல்லாம், “வீட்ல ஒத்துக்கல மேடம்” என்று பெண்டாட்டி முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். முந்தானை விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டே.

அதற்குப் பிறகுதான் சுகாசினி கடைக்கு வந்தாள். கல்யாணப் பெண். என்னை மாதிரி உடம்பு. துப்பட்டாவை இரண்டு கையாலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் அம்மா கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“இவளுக்கு எந்தப் பட்டும் சுத்தறதுக்கே பத்தாதுங்க. நீங்களே கட்டிக் காட்டுங்க. உங்க உடம்புக்கு வந்தா இவளுக்கும் வரும்.”

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி நாலு பேர் நடுவில் என்னையும் எத்தனையோ பேர் அளந்திருக்கிறார்கள்.

“இங்க பாரும்மா. நான் உன்னை மாதிரி ரெண்டு ஆளு. எனுக்கே ஏழு வரும். எண்ணிக்க.”

அரக்குக் கரை போட்ட மாம்பழ மஞ்சள் சேலையை எடுத்தேன். சரசரவென்று செருகி, மடித்து, விரலால் நீவி, சத்தமாக எண்ணினேன். ஏழு. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். சுகாசினி முதல் தடவையாக நிமிர்ந்தாள். துப்பட்டாவை வைத்துவிட்டுத் தானே எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

பெண்களுக்குக் கட்டிவிடும் செல்லியம்மாள் அதே சேலையை அவளுக்குச் சுற்றினாள். கொசுவம் மூன்று வந்தது.

அவிழ்த்து மறுபடி கட்டினாள். மூன்றுதான்.

சுகாசினியின் கண் கலங்கிவிட்டது. “அவருக்கு மட்டும் எப்படி ஏழு வந்துச்சு?”

செல்லியம்மாளுக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று என்கிற வழக்கமே கிடையாது. “அண்ணன் உள் சுத்து சுத்தலமா. நேரா கொசுவத்துலதான் ஆரம்பிச்சாரு.”

சேலையை முதலில் இடுப்பில் செருகி ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதற்கப்புறம்தான் கொசுவம். அந்தச் சுற்றை விட்டுவிட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, மேல் சுற்று மறைத்துவிடும். ஏதோ ஒரு முகூர்த்த மாதத்தில், கூட்டம் நெரிகிறதென்று அவசரத்துக்கு விட்டிருக்கிறேன். அப்புறம் கை என்னைக் கேட்காமலே தினமும் அதைச் செய்திருக்கிறது. அதை நம்பித்தான் டாக்டரின் மெஷினைக் குற்றம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஊரில் எல்லாரையும் ஏமாற்றுகிறவன்கூடத் தன்னை விட்டுவைப்பான். நான் என்னையும் விடவில்லை.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். சேலையை வாங்கி, உள் சுற்று முழுதாகச் சுற்றி, கொசுவம் வைத்தேன்.

“ரெண்டு. இது பாதி. மரியாதைக்கு ரெண்டரைன்னு வெச்சுக்கலாம்மா.”

சுகாசினி மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். “அண்ணா, எனக்கு உங்களைவிட அரை ஜாஸ்தி!”

அவள் அம்மா வேறு சேலை கேட்டார். அவள் விடவில்லை. “எனக்கு மூணு போதும்மா. இதுதான் வேணும்.”

முதலாளி சந்தோஷத்தில் எல்லோருக்கும் ரோஸ் மில்க் சொன்னார். இவ்வளவுக்கும் பிறகு நான் அதைத் தொடவில்லை என்று எழுத ஆசைதான். குடித்தேன். ஆனால் இறங்கும்போது முதல் தடவையாகக் கசந்தது.

சாயங்காலம் வீட்டில் ஏஞ்சல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

“இன்னொண்ணு ஏஞ்சல். கடையில நான் ரோஸ் மில்க்…”

“தெரியும். தெனம் நாக்கு ரோஸ் கலர்ல வந்து நிக்கறியே.”

“அப்ப ஏன் நீ கேக்கல?”

“கேட்டா நீ ஒரு ஜோக் சொல்லுவ. எனுக்கு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சுயா.”

அதற்கு என்னிடம் ஜோக் இல்லை. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

“கடைக்காக இல்ல ஏஞ்சல். கொசுவம் ரெண்டு வந்தா வந்துட்டுப் போவுது. படுத்தா மூச்சு அடைக்குது. எங்க தூக்கத்துலயே போயிடுவேனோன்னு இருக்குது. எனுக்கு ரொம்ப பயமா இருக்குதுமா.”

அவள் கீரையைத் தள்ளி வைத்தாள்.

“போன தடவை உன்னை உள்ள தள்ளிக்கினு போனதும், உன் சட்டையைக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டாங்க. மடியில வெச்சுக்கினு உக்காந்திருந்தேன். எவ்ளோ பெரிய சட்டை! மடியே கொள்ளல. சட்டை இருக்குது, ஆளு இல்ல. அப்ப எனுக்கு எப்படி இருந்துச்சுன்னு நீ ஒரு நாளாவது கேட்டியா?”

கேட்கவில்லை. மெலிந்து திரும்பி வந்து, கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொள்ளவே எனக்கு நேரம் போதவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கீரை வாசம் அடித்தது. அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் கடையில் எனக்கு மட்டும் மோர் என்று முதலாளியிடம் சொன்னேன். பார்ட்டிக்கு என்ன சொல்வது என்றார். பெருமாளுக்கு வேண்டுதல் என்று சொல்லிக்கொள்ளுங்கள், என் பெயரைக் கேட்கவா போகிறார்கள் என்றேன். டாக்டருக்கு நானே போன் செய்து, உங்கள் மெஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டேன். அவர் எதையும் மறைக்காமல் சொன்னார்: “நெஞ்செரிச்சலுக்கு பைபாஸ் பாத்துக்கும் சார். ரோஸ் மில்க்கை நீங்கதான் பாத்துக்கணும்.”

ஆபரேஷனுக்குக் கிளம்பும் நாள் காலையில் ஏஞ்சல் பீரோவைத் திறந்து அடியிலிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து நீட்டினாள். நான் மெலிந்திருந்த காலத்தில் எடுத்தது. அவள் அதைத் தூக்கிப் போட்டிருக்கவில்லை.

“இதைப் போட்டுக்கினு வா. மடியில வெச்சுக்க லேசா இருக்கும்.”

கை நுழைந்தது. ஒரு பட்டன்கூடப் போட முடியவில்லை. மேலே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.