தலையைச் சிலுப்பாதே

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் டீ கலக்குகிறவள் நான். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

மலேசியாவில், பண்டார் பாருவில் தையல் கடை போட இடம் தேடியபோது அந்தப் பழைய ஆட்டிறைச்சிக் கடைதான் கிடைத்தது. பல வருடம் பூட்டிக் கிடந்த கட்டடம். சுண்ணாம்பு அடித்து எல்லாவற்றையும் மாற்றியும் பின்பக்கத் தரையில் ஆடு கட்டும் இரும்பு வளையம் மட்டும் பெயர்ந்து வரவில்லை, சிமெண்டோடு இறுகிப்போயிருந்தது. பக்கத்து மளிகைக் கடை மணியம் அண்ணன் முதல் நாளே வந்து கதையை அவிழ்த்துவிட்டார்.

"இங்க இருந்த கறிக்கடைக்காரரு கோயில் ஆட்டுக்குச் செய்யிற மாதிரிதான் எல்லா ஆட்டுக்கும் செய்வாரு, தங்கச்சி. தலையில மஞ்சத் தண்ணி தெளிப்பாரு. அது சிலுப்புனாதான் உத்தரவு, அப்புறம்தான் வெட்டுவாரு. ஒரு தீபாவளிக்குக் கூட்டம் தாங்கல. ஒரு ஆடு எவ்ளோ ஊத்தியும் சிலுப்பவே இல்ல. அவசரத்துல வெட்டிட்டாரு. கொஞ்ச நாள்ல, கடைக்குள்ள நின்ன அவரு தலையிலயே தண்ணி சொட்டிச்சாம். சிலுப்பிட்டு ரோட்டுல எறங்குனவர லோரி அடிச்சிருச்சு."

"நான் ஜாக்கெட் துணிதானே அண்ணே வெட்டுறேன். அதுக்கெல்லாம் உத்தரவு வேணாம்லா" என்று சிரித்தேன்.

என் மகள் தர்ஷினி அப்போது தமிழ்ப் பள்ளியில் முதலாம் ஆண்டு, ஏழு வயது. பள்ளி விட்டதும் கடைக்கு வந்து, அந்த வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் தீட்டுவாள். அன்றைக்கு நல்ல வெயில், மழை பெய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. நான் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். சொட்டென்று ஒரு சத்தம். திரும்பினால் பிள்ளையின் உச்சந்தலை நனைந்திருக்கிறது. மேலே கூரைப்பலகை காய்ந்து கிடக்கிறது. நம்பினால் நம்புங்கள், யாரோ உள்ளங்கையில் அள்ளித் தெளிப்பதுபோல் மறுபடியும் விழுந்தது. அவள் கண்ணை இறுக்கி மூடினாள், கழுத்தைச் சுருக்கினாள்.

"சிலுப்பாத! தலைய ஆட்டாத!"

கத்தியது நான்தான், எதையும் நம்பாத நானேதான்.

"கூசுதும்மா..." என்றாள். தண்ணீர் புருவத்தைத் தாண்டி இறங்கியது. கத்திரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடி, அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்தேன். உடம்பு விறைத்து அப்படியே இருக்கிறாள், தலை மட்டும் என் கைக்குள் ஆடப் பார்க்கிறது. ஆட்டியது அவள் இல்லை. பெற்ற பிள்ளையின் அசைவு எனக்குத் தெரியாதா? பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிடியை விடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே அஞ்சடிக்கு, கடை வாசல் நடைபாதைக்கு ஓடினேன். மணியம் அண்ணன் துண்டை எடுத்துவந்து அழுத்தித் துடைத்தார். துண்டு மஞ்சளாகி இருந்தது.

அந்தக் கடைக்கு நான் திரும்பவில்லை. மெஷினைக்கூட மணியம் அண்ணன்தான் ஆள் வைத்து எடுத்துக்கொடுத்தார். இப்போது வீட்டிலேயே தைக்கிறேன். அன்றைக்கு ஏன் கத்தினேன் என்று தர்ஷினியிடம் யாரும் சொன்னதில்லை.

ஆனாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், அசையாமல் நின்றுவிடுகிறாள். சொட்டச் சொட்ட என் முகத்தைப் பார்த்து, "இப்ப சிலுப்பட்டுமாம்மா?" என்று கேட்கிறாள்.

சரி என்று சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை. துண்டைப் போட்டு இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.