தரையைப் பார்த்து ஆடிய பிள்ளைகள்

“தரையில என்ன கெடக்குன்னு கேக்கறாங்கக்கா” என்றாள் ஸ்டெல்லா.

ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒத்திகையைப் பாதியில் நிறுத்திக் கேட்டவர் தலைமை ஆசிரியை, வெள்ளைக்காரம்மா. மேடையில் பன்னிரண்டு பிள்ளைகளும் முழங்காலை மடித்து அரைமண்டியில் இருந்தார்கள். கை சரி, கால் சரி. பன்னிரண்டு பேர் கண்ணும் தரையில் இருந்தது.

அறுபதுகளில் ஒரு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாட்டியம் சொல்லிக்கொடுத்தேன். திருவெறும்பூர்ப் பக்கம் தொழிற்சாலை கட்ட வந்த வெளிநாட்டு எஞ்சினியர்களின் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளிக்கூடம். நான் கடல் கடந்து போனவள் இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஏறி, டவுனில் பஸ் மாறிப் போவேன். ஆனால் கேட்டைத் தாண்டினால் வேறு தேசம்தான். என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஸ்டெல்லா அங்கே சின்ன வகுப்பு டீச்சர், மன்னார்புரத்துப் பெண். அவர்கள் பேசுவதை எனக்கும் நான் பேசுவதை அவர்களுக்கும் அவள்தான் சொல்வாள்.

“கண்ண நிமித்தலேன்னா விழாவுல இது வேணாம்ங்கறாங்க. நாட்டிய கிளாசையும் நிறுத்திட்டுப் பியானோ வச்சிடுவாங்களாம்.”

கல்யாணத்துக்குப் பிறகு நான் சலங்கை கட்டக் கூடாது என்று வீட்டில் முடிவு. ஆட வேண்டாம், சொல்லியாவது கொடுக்கிறேன் என்று கேட்டுச் சம்மதம் வாங்க ஆறு வருஷம் ஆனது. இந்த வகுப்பு நின்றால் இன்னொரு தடவை கேட்க எனக்கு வாய் வராது.

ஏன் தரையைப் பார்க்கிறார்கள் என்று பிள்ளைகளிடம் கேட்க ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஹானா என்ற எட்டு வயதுப் பெண் என்னைக் காட்டி ஏதோ சொன்னாள். ஸ்டெல்லா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“நீங்கதான் அப்பிடிப் பாக்கறீங்களாம். அதுவும் ஆட்டத்துல சேத்திதானேன்னு எட்டு மாசமா கஷ்டப்பட்டுப் பழகியிருக்குதுங்க.”

உண்மைதான். வகுப்பு ஜன்னலில் எப்போதும் யாராவது ஆண்கள் நிற்பார்கள். பிள்ளைகளின் அப்பா, டிரைவர், தோட்டக்காரர். நான் குனிந்த தலை நிமிராமல் அடவு காட்டுவேன். அலாரிப்பு என்பது முதல் உருப்படி. தலைக்கு மேல் கை கூப்பி, கண்ணை வலமும் இடமும் ஓட்டித்தான் அதைத் தொடங்க வேண்டும். அதையும் தரையைப் பார்த்தபடியே காட்டியிருக்கிறேன். பிள்ளைகளை எனக்குப் பாதத்தை வைத்துத்தான் அடையாளம். குதிகாலில் வடு இருந்தால் ஹானா.

“மேலே பாருங்க” என்று ஸ்டெல்லாவைச் சொல்லவைத்தேன். பார்த்தார்கள். என் தலை குனிந்ததும் அவர்கள் தலையும் குனிந்தது. பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தாளம் தட்டினேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்து நின்றார்கள். இரண்டு நாள் இப்படியே போனது.

“ஜன்னல சாத்திடட்டுமாக்கா?” என்றாள் ஸ்டெல்லா.

“வேணாம். விழா அன்னைக்கு எந்த ஜன்னல சாத்துவ?”

மூன்றாம் நாள் ஒவ்வொரு பிள்ளையாக எதிரில் நிறுத்தி, கண்ணைப் பார்த்து ஆரம்பித்தேன். முதலில் எனக்குத்தான் வியர்த்தது. ஹானாவின் கண் பச்சை என்பது அன்றுதான் தெரிந்தது. இரண்டு வாரத்தில் பன்னிரண்டு பேர் கண்ணும் என் கண்ணோடு ஓடின. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

விழா அன்று மேடையின் வலது ஓரத்தில், தாளம் தட்டி ஆட்டுவிக்கும் நட்டுவனார் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தட்டுக்கழியால் கட்டையில் தட்டித் “தாம் தித்தாம்” என்றேன். பன்னிரண்டு தலையும் வலது பக்கம் திரும்பின. என் கண்ணைத் தேடினார்கள். சபைக்குத் தெரிந்தது பன்னிரண்டு காது. முன்வரிசையில் தலைமை ஆசிரியை பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார்.

நான் எழுந்தேன். கட்டையையும் கழியையும் தூக்கிக்கொண்டு, சொல்லை விடாமல் படியிறங்கி, மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவில் வெறுந்தரையில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேர் இருப்பார்கள். தலையை நிமிர்த்திப் பிள்ளைகளைப் பார்த்தேன். தலைகள் நேரே திரும்பின. அலாரிப்பு கடைசிவரை நன்றாக நடந்தது.

முடிந்ததும் தலைமை ஆசிரியை ஸ்டெல்லாவிடம் ஏதோ விசாரித்தார்.

“குரு கீழ வந்து உக்கார்றது உங்க வழக்கமான்னு கேட்டாங்க. ஆமா, ரொம்பப் பழைய வழக்கம்னு சொல்லிட்டேன். மாதாவே, என்னை மன்னிக்கணும்.”

“பியானோ?”

“அதப்பத்திப் பேச்சே இல்லக்கா. திங்கக்கெழம எப்பவும்போல வந்துடுங்க.”

அந்த வருஷம் முடிந்ததும் எஞ்சினியர்கள் ஊருக்குப் போனார்கள், பள்ளிக்கூடமும் மூடியது. பிறகு ஸ்ரீரங்கத்தில் பல வருஷம் வகுப்பு நடத்தினேன். சொல்லிக்கொடுக்க வரும் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நாம் வாயால் சொல்வதில் பாதியைத்தான் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். நம்மிடம் பார்ப்பதை ஒன்று விடாமல் எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஒரு பிள்ளை தப்பாக ஆடினால், அதைத் திருத்துவதற்கு முன் நாம் எப்படி நிற்கிறோம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.