பஞ்சு ஒட்டாத கறுப்பு

ராஜபாளையத்தில் சொந்த வீடு இருந்தும் பிரிஸ்கில்லாவுக்கு மூன்று வாரமாக வேலை முடிந்து வந்து படுக்க இடமில்லை. காரணம் ஒரு கிட்டார். முழுக் கிட்டார்கூட இல்லை, அதன் தலை. கம்பிகளை முறுக்கும் திருகுகள் இருக்குமே, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அந்த மரத்துண்டு. இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் நூல் மில்லுக்கு வந்துபோன பெண் அவள். சர்ச்சில் கிட்டார் வாசித்த மெர்வினைப் பார்த்து மயங்கினாள். அது அவள் தப்புதான், யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மெர்வின் எந்த வேலையிலும் நிலைக்கவில்லை. எதுவும் கலைஞனுக்குத் தோதாக அமையவில்லையாம். அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பஞ்சுக்குள் நின்றாள். அந்தச் சம்பளத்தில் ஒற்றை அறையும் அடுப்படியுமாக வீட்டைக் கட்டினாள். பிள்ளை பிறக்கவில்லை, இருமல்தான் வந்து சேர்ந்தது.

போன நவம்பரில் மெர்வினுக்கு யோகம் அடித்தது. கிறிஸ்துமஸ் சமயத்துக்கு ஒரு கச்சேரிக் குழு அவனைக் கூப்பிட்டது. குழுவில் எல்லாருக்கும் சட்டை கறுப்பு, பேண்ட் கறுப்பு. கிட்டாரின் தலை மட்டும் மேல்பூச்சு உரிந்து சொறி பிடித்தாற்போல் இருந்தது. முகம் பார்க்கிற மாதிரி வழவழவென்று கறுப்பு அடித்துவிடுவதென்று கிளம்பினான். திருகுகளைக் கழற்றினான், பட்டி பார்த்தான், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், ஸ்ப்ரே டப்பாவால் அடித்து ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான். காய்ந்த பிறகு பார்த்தால் கறுப்புக்குள் மயிர்மயிராக நூலிழை.

அதைப் பார்த்தான். மில்லிலிருந்து அப்போதுதான் வந்து நின்ற பெண்டாட்டியைப் பார்த்தான். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"ஏட்டி, ஒந் தலையப் பாரு. மில்லையே தூக்கிட்டு வந்திருக்க" என்றான்.

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மில்லில் நிற்கிறவளுக்குப் புருவத்தில்கூடப் பஞ்சு இருக்கும். மறுநாள் முதல் பின்பக்கக் குழாயடியிலேயே குளித்து, உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். மெர்வின் பழைய பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடி இழை. பிறகு பெயிண்ட் காயும்வரை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாதென்று உத்தரவாயிற்று. ஷிஃப்டு முடிந்து வந்தவள் பக்கத்து வீட்டுச் சுமையாவின் பாயில் முடங்கினாள். சுமையா தங்கமான பிள்ளை, டீயும் கொடுப்பாள். அவிய கிட்டாருக்குத்தான் கல்யாணமா மதினி, பொண்டாட்டிய வெளிய தள்ளிட்டு, என்று ஒருநாள் கேலியாகக் கேட்டுவிட்டாள். பிரிஸ்கில்லா சேர்ந்து சிரித்தாள். அப்புறம் சுமையா வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அதுவும் போதவில்லை. ரெண்டே நாள், உன் அக்கா வீட்டில் இருந்துகொள் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பி வைத்தான். ரெண்டு நாள் ஒரு வாரமாக நீண்டது. அக்கா கிருபாபாய் வேளாவேளைக்குச் சோறு போட்டாள், ஆனால் அக்கா புருஷன் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். அவள் இல்லாத வீட்டிலும் இழை ஒட்டத்தான் செய்தது. நீ படுத்த பாய், தலையணை எல்லாவற்றிலும் உன் பஞ்சுதான் கிடக்கிறது என்று போனில் எரிந்து விழுந்தான். அவள் நம்பினாள். பாவி மகள், அதையும் நம்பினாள்! தன் உடம்பே அவளுக்கு அருவருப்பாகிப் போனது. பஸ்ஸில் யார்மேலும் பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நின்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை, மாற்றுச்சேலை எடுக்கலாமென்று மில்லிலிருந்து நேரே வீட்டுக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. மெர்வின் அவளைக் கவனிக்கவில்லை. கிட்டார்த் தலையை உப்புத்தாளால் தேய்த்து முடித்தான். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு பையை இழுத்து, அதிலிருந்து ஒரு கொத்தை உருவி, தலையை அழுத்தி அழுத்தித் துடைத்தான். பிறகு டப்பாவை எடுத்துக் குலுக்கினான்.

அந்தக் கொத்து என்னவென்று அவளுக்குத் தெரியாதா? மில்லில் கழித்துப்போடும் வேஸ்ட் நூல். அந்த ஊரில் லாரி ஷெட்டிலிருந்து சைக்கிள் கடைவரை எதைத் துடைப்பதென்றாலும் அதைத்தான் எடுப்பார்கள். கை துடைக்க வேண்டுமென்று மெர்வின் கேட்டதால், மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கி, சாப்பாட்டுப் பையில் வைத்து அவள்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். தேய்த்த மரத்தில் அதைப் போட்டுத் துடைத்தால் இழை சிக்காமல் வேறென்ன செய்யும்?

"நீங்க தொடைக்கதே பஞ்சுதானே" என்றாள்.

மெர்வின் கையிலிருந்ததைப் பார்த்தான். கிட்டாரைப் பார்த்தான். விளங்கிவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் காத்து நின்றாள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், அசடு வழிந்து ஒரு சிரிப்பு சிரித்திருந்தால்கூடப் போதும், மூன்று வாரத்தையும் மறந்திருப்பாள்.

"இதக் கொண்டாந்தது யாரு? நீதான?" என்றான்.

வேஸ்டை மூலையில் எறிந்தான். வழுக்குகிற பாலியஸ்டர் துணியை எடுத்துத் துடைத்து, பெயிண்டை அடித்து ஜன்னலில் தொங்கவிட்டான். இந்தத் தடவை ஓர் இழை இல்லை, கண்ணாடி தோற்றது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, "காயட்டும். செத்த நேரம் வெளிய இரு பிள்ள" என்றான்.

அவள் வெளியே போகவில்லை. தலைத்துணியை அவிழ்த்து நடு வீட்டில் வைத்து உதறினாள். கொண்டையையும் அவிழ்த்து உதறினாள். காற்றாடியை முழு வேகத்தில் போட்டுவிட்டு, குளிக்காத உடம்போடு கட்டிலில் போய்ப் படுத்தாள்.

"ஏட்டி, கிறுக்கு புடிச்சிருக்கா?" என்று அலறிய மெர்வின், ஈரப் பெயிண்டில் கை படாமல் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். சுமையாவிடம் இடம் கேட்கும் சத்தம் வந்தது. செத்தாயா பிழைத்தாயா என்று இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அறை முழுக்கப் பஞ்சு பறந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. அவளே எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு குடித்தாள். வாசல் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டுவிட்டு வந்து படுத்தாள்.