இரும்பு லயன்

மாத்தளை ஸ்டேஷனைத் தாண்டி, தண்டவாளம் புல்லுக்குள் முடியும் இடத்தில் நிற்கிறேன். பக்கத்தில் எல்கடுவத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு. கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போன புருஷன் இன்றைக்கு வருகிறானாம். அவள் ரயிலையே பார்த்ததில்லை.

"இந்த இரும்புக்குப் பேரென்னங்கய்யா?"

"ரயில் லயன்."

திகைத்துப் போகிறாள். தோட்டத்தில் லயன் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகள். அவள் பிறந்ததும் பிள்ளை பெற்றதும் அங்கேதான்.

"எங்க லயன் விடியக்காலம் வேலைக்கு எழுப்புற தப்பு மேளச் சத்தம் கேட்டாத்தாங்க முழிக்கும். இது எதுவரைக்கும் போகுது?"

"கடல் வரைக்கும்."

வெறுங்காலை மெல்லத் தண்டவாளத்தின் மேல் வைக்கிறாள். சட்டென்று முகம் மலர்கிறது.

"லயன் முழிச்சிருச்சுடா கண்ணு! அப்பா வர்றாரு!"

எனக்கு இன்னும் எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றுகிறேன்.