பிஸ்கட் விழும் வரை

கடிதத்தின் இரண்டாம் பக்கத்துக்குப் போவதற்குள் பிஸ்கட் தேநீரில் உடைந்து விழுந்துவிட்டால், அது நல்ல பொய். க்ளெனிஸ் ஹார்ட்லியின் அளவுகோல் இதுதான். இடது கையில் கடிதம், வலது கையில் தேநீரில் முக்கிய பிஸ்கட். பொய் சுவையாக இருந்தால் கையை எடுக்க மறந்துவிடுவார். விழுந்த துண்டைக் கரண்டியால் துழாவியபடியே, "அடடா, என்னமா எழுதியிருக்கான்!" என்று மெச்சுவார். மெச்சிவிட்டு "மறுக்கப்பட்டது" முத்திரையைக் குத்துவார்.

ஸ்கெல்பரோ நகர மன்றத்தில், வண்டி நிறுத்தியதற்கான அபராதத்தை எதிர்த்து வரும் முறையீடுகளைப் படிப்பது அவர் வேலை. எதிர் மேசையில் நான், குப்பைத்தொட்டிப் பிரிவு. ஒருவர் பல் பிடுங்கப் போனதாக மூன்று ஆண்டுகளில் முப்பத்தாறு முறை எழுதியிருந்தார். "இவரு மனுஷனா, முதலையா?" என்று க்ளெனிஸ் அந்தக் கோப்பை என்னிடம் நீட்டினார்.

தொலைபேசியில் யாராவது அழுதால் மட்டும் குரல் தணியும். "கண்ணு, கதை எனக்குப் பிடிக்கும். ஆனா கதைக்கு அபராதம் போகாது. போர்டைப் போட்டோ எடுங்க. கோடு அழிஞ்சிருந்தா அதையும் எடுங்க. பதினாலு நாளுக்குள்ள எழுதிட்டா பாதித் தொகைச் சலுகை போயிடாது. அவசரப்பட்டுப் பணத்தக் கட்டிடாதீங்க, கட்டிட்டா கேஸ் முடிஞ்சுது. நான் முடியாதுன்னு சொன்னா மறுபடி எழுதுங்க. அதுக்கும் முடியாதுன்னா மேல தீர்ப்பாயம் இருக்கு, காசே கிடையாது." கண்ணாடி அறைக்குள் மேலாளர் ரூபர்ட் ஆர்மரோட் நெற்றியைப் பிடித்துக்கொள்வார்.

என் மனைவியைக் கடைசியாக மருத்துவமனையில் சேர்த்த அன்று, நிறுத்தக் கூடாத மஞ்சள் கோட்டில் வண்டியை விட்டதற்காக எனக்கும் ஒரு அபராதச் சீட்டு விழுந்தது. க்ளெனிஸ் மறுத்தார். "உன் துக்கமும் நிஜம், மஞ்சள் கோடும் நிஜம்." அந்த மாதம் முழுக்க, ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்ட சட்டி ஒன்று என் வாசலுக்கு வந்துகொண்டே இருந்தது. நிச்சயம் அபராதத்தைவிட அதிகம் செலவாகியிருக்கும்.

இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீடு இருக்கும் மேட்டுத் தெருவுக்குப் போக, மாலை ஆறே முக்கால் பேருந்துதான் அவருக்கு. அதுவே கடைசி வண்டி. அபராதத்தில் செலவு போக மிஞ்சுவதை வைத்துத்தான் மன்றம் அதை ஓட்டியது. ஓட்டுநர் வில்ஃப் தினமும் வம்பிழுப்பார்: "என்ன அம்மணி, இன்னிக்கு எத்தன பேர மன்னிச்சு விட்டீங்க? என் வண்டிக்கு முன் சக்கரமாவது மிச்சம் இருக்கா?"

"பாத்து ஓட்டுப்பா. பிரேக் நேத்தே போயிடுச்சு."

அக்டோபரில் மேரியன் திரெல்ஃபால் என்பவரின் கடிதம் வந்தது. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர். சேப்பல் சந்தில் ஒரு கிழவரைப் படுக்க வைக்கப் போய் ஒரே மாதத்தில் மூன்று சீட்டு வாங்கியிருந்தார். கடிதத்தில் கதையே இல்லை: "போர்டுல ராத்திரி எட்டு மணி வரைக்கும் வண்டி நிறுத்தத் தடைன்னு இருக்கு. ஆறோட முடியுதுன்னு தெருக்காரங்க சொல்றாங்க. எது சரி?"

பிஸ்கட் விழவில்லை. க்ளெனிஸ் அதை அப்படியே கீழே வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து மன்றத்தின் மூல ஆணையை எடுத்து வந்தார். ஆணையில் ஆறு. பலகையில் எட்டு. நான்கு ஆண்டுகளாக.

ரூபர்ட் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கண்ணாடி அறையில் கதவைச் சாத்தி என்ன பயன்?

"அந்தம்மாவோடத ரத்து பண்ணிடுங்க. சனிக்கிழமை போர்டை மாத்திடுவோம்."

"ஆறுக்கும் எட்டுக்கும் நடுவுல சீட்டு வாங்கின மத்த நானூத்திப் பன்னெண்டு பேர்?"

"அவங்க கேக்கலையே, க்ளெனிஸ்."

"கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது, ரூபர்ட்."

"அந்தப் பணத்த பட்ஜெட்ல எழுதியாச்சு."

"அபராதத்துக்கு இலக்கே கிடையாதுன்னு மேடையில சொன்னீங்களே?"

"இலக்கு இல்லதான். எதிர்பார்ப்பு." கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். "திருப்பிக் குடுத்தா முதல்ல எது போகும்னு தெரியுமில்ல? உங்க ஆறே முக்கால்."

"தெரியும். வலது பக்கம், மூணாவது சீட்."

மறுநாளிலிருந்து பணம் திருப்பித் தரும் கடிதங்களை எழுத ஆரம்பித்தார். நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று முதலைக்காரருக்கும் போனது. "இந்த ஒரு தடவ அவன் பல்லு நிஜமாவே ஜெயிச்சிருச்சு" என்று அலுத்துக்கொண்டார். ஜனவரியில் பேருந்து நின்றது. வில்ஃபைப் பள்ளி வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். க்ளெனிஸ் கம்பளித் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றரை மைல் மேட்டை நடந்தே ஏறினார். மூச்சு வாங்குவதைப் பாட்டுப் பாடி மறைத்தார்.

போன வெள்ளிக்கிழமை மழை ஊற்றியது. பழைய பேருந்து நிறுத்தத்தின் கூரைக்கடியில் நானும் அவருமாக ஒதுங்கி நின்றோம். எதிரே வங்கியின் முகப்பில், அபராதச் சீட்டு எழுதும் டெஸ்மண்ட் தன் கையிலிருந்த இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பச்சைக் கார் எங்களுக்கு நேர் முன்னால், தரையில் எழுதியிருந்த பெரிய எழுத்துகளின் மேலேயே வந்து நின்றது. உள்ளே, பராமரிப்புச் சீருடையில் ஒரு பெண்.

"க்ளெனிஸ் அக்கா நீங்கதானே? நான் மேரியன், சேப்பல் சந்து. மேட்டுத் தெருவுக்குத்தான் போறேன், ஏறுங்க."

"நல்லா இருக்கு! போர்டைப் படிக்கிறவன்னுல்ல நினைச்சேன் உன்ன? இங்க பஸ் மட்டும்தான் நிக்கலாம்."

"எந்த பஸ்?"

க்ளெனிஸ் பலகையைப் பார்த்தார். சாலையைக் கடக்கத் தொடங்கியிருந்த டெஸ்மண்டைப் பார்த்தார். பிறகு சட்டென்று கதவைத் திறந்து ஏறி, இருக்கையில் சரிந்து சரிந்து, கண்ணாடி வழியே தொப்பியின் உச்சியிலிருந்த நூல் பந்து மட்டும் தெரியும்வரை கீழே இறங்கிக்கொண்டார்.