என் மகளும் போகிறாள் என்றேன்

‘பிள்ளையை அனுப்புவதா இல்லையா என்பது பெற்றோரின் முடிவு.’ இந்த வசனத்தை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீடு தேடிப் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கொரோனாக் காலத்தில் மாதக்கணக்காகப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்களைச் சின்ன வகுப்புகளுக்கு முதலில் திறக்கிறோம் என்று அறிவித்தபோது, இந்த வசனமும் கூடவே வந்தது. பார்வைக்கு மரியாதையான வசனம். தாய் தகப்பனுக்கு உரிமை கொடுத்த மாதிரி இருக்கும். உண்மையில் பழியைத் தலையில் கட்டுகிற வசனம். பிள்ளைக்கு ஏதும் வந்தால், நீங்கள்தானே அனுப்பினீர்கள். படிப்பில் பின்னுக்குப் போனால், நீங்கள்தானே அனுப்பவில்லை. எங்களுக்குக் கை கழுவச் சொல்லித் தந்தவர்கள், எங்களுக்கு முதலே கழுவி முடித்திருந்தார்கள்.

நான் இரண்டு பக்கமும் அகப்பட்டவள். சீனன்குடாப் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் தரத்துக்கு வகுப்பு ரீச்சர். அன்புவழிபுரத்தில் என் வீட்டில், நகரத்துப் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் தரம் படிக்கிற மகளுக்கு அம்மா.

மகளுக்கு முட்டு வருத்தம். மழைக் குளிர் பட்டாலே போதும், மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். கொரோனா வருவதற்கு முந்தின வருசம் அவளை ஆஸ்பத்திரியில் வைத்து, முகத்தில் மூடி போட்டு மருந்துப் புகை பிடித்துக்கொண்டு மூன்று நாள் இருந்தோம். அவளுடைய உதடு நீலமாகிப் போனதை நான் கண்ணால் பார்த்தவள். அதனால் என் வீட்டு முடிவு ஒரு நிமிடத்தில் முடிந்த காரியம். அவளை விடுவதில்லை. துறைமுகத்தில் வேலை செய்கிற என் கணவரிடம் கேட்டேன். “நீர்தானே ரீச்சர், உமக்குத் தெரியாததே. நீர் சொல்லுறபடி செய்வம்,” என்று சொல்லிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டார். அவரும் அதே வசனத்தைத்தான் வேறு சொல்லில் சொன்னார் என்று அப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திறப்பதற்கு முந்தின கிழமை அதிபர் எங்களைக் கூப்பிட்டார். கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு இருத்தினார். “ஒருத்தரையும் வற்புறுத்தப்படாது. முடிவு தாய் தகப்பன்ர,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனால் வரவு குறையப்படாது. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு முதல் கல்விக் கந்தோருக்கு அறிவிக்கவேணும்,” என்றார்.

வற்புறுத்தாமல் வரவை எப்படிக் கூட்டுவது என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இராது.

“போன் எடுங்கோ ரீச்சர். அன்பாக் கதையுங்கோ. உங்களை நம்புவினம்,” என்றார்.

மனிசன் கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே இருந்தவர்கள் அவருக்குச் சொன்னதை அவர் எங்களுக்குச் சொன்னார். எங்களை நம்புவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

அன்று பின்னேரம் குசினியில் இருந்துகொண்டு, வரவு இடாப்பைப் பார்த்து ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்தேன். சிலர் உடனே ஓம் என்றார்கள். வேலைக்குப் போக வேண்டும், பிள்ளையை விட ஆளில்லை. சிலர் பார்ப்போம் என்றார்கள். ஒரு தகப்பன், “மாஸ்க்கை எட்டு வயசுப் பிள்ளை எவ்வளவு நேரம் போடும் ரீச்சர், நீங்களே சொல்லுங்கோ,” என்று கேட்டார். பார்த்துக்கொள்வோம் என்றேன். அப்படிப் பார்த்துக்கொள்ள ஏலாது என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு தாய். அவருடைய பிள்ளை என் வகுப்பில் கெட்டிக்காரி, ஆனால் வீட்டில் போன் ஒன்றுதான். அதையும் கூலி வேலைக்குப் போகிற தகப்பன் கொண்டுபோய்விடுவார். அனுப்பின பாடம் ஒன்றும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

“எனக்கு விட ஆசைதான் ரீச்சர்,” என்றார் அந்தத் தாய். “எழுத்தையே மறந்திடுவாள் போல கிடக்கு. ஆனால் வீட்டில நாலு மாசக் குழந்தை ஒண்டு இருக்கெல்லோ. அதுதான் பயமாக் கிடக்கு.”

“முடிவு உங்கடதான்,” என்றேன்.

“எனக்கென்ன தெரியும். நீங்கள் படிச்சனீங்கள். உங்கட மகளும் பள்ளிக்கூடம் போறாவோ?”

ஒரு மூச்சு இழுத்தேன். “ஓம், போறாள்,” என்றேன்.

“அப்ப நானும் விடுறன் ரீச்சர்.”

இடாப்பில் அந்தப் பிள்ளையின் பேருக்கு நேரே ஒரு சரி போட்டேன். மேசையின் மறுபக்கம் கணக்குச் செய்துகொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, பள்ளிக்கூடம் இன்னும் துறக்கவே இல்லை. நான் எப்பிடிப் போறது?”

“நீ கணக்கைச் செய்.”

“துறந்தாப் பிறகு என்னை விடுவீங்களோ?”

“வாய் காட்டாமல் செய்யெண்டெல்லோ சொன்னனான்,” என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டு அறைக்குள் போனாள். பிழை விட்டது நான், ஏச்சு வாங்கினது அவள்.

பள்ளிக்கூடம் திறந்தது. முதல் நாள் அந்தப் பிள்ளை இரட்டைப் பின்னல் பின்னி, காதில் முடிச்சுப் போட்டுச் சின்னதாக்கின மாஸ்க்கோடு வந்தாள். “ரீச்சர், உங்கட வீட்டு அக்காவும் போறாவாம், அம்மா சொன்னவ,” என்றாள். தலையை ஆட்டினேன். கண்டறியாத ஒரு மீற்றர் இடைவெளி என்று நிலத்தில் சோக்கால் கோடு கீறி வைத்திருந்தோம். இடைவேளைக்கு மணி அடித்தால் கோடாவது கீடாவது, எல்லாம் ஒரு இடத்தில் கும்பல். இரண்டு பிள்ளைகள் மாஸ்க்கைக் கழற்றி ஆளுக்காள் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்கள். மற்றவளுடையது வடிவாக இருக்கிறதாம். இத்தனை மாதத்துக்குப் பிறகு சினேகிதியைக் கண்ட பிள்ளையைத் தள்ளி நில் என்று எந்த வாயால் சொல்வது. சொன்னேன்தான். நாள் முழுக்கத் தொண்டை வரளக் கத்தினேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியிலேயே குளித்துவிட்டுத்தான் மகளுக்குப் பக்கத்தில் போவேன்.

வரவில் என் வகுப்புத்தான் முதல் என்று அதிபர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

இரண்டாம் கிழமை, செவ்வாய்க்கிழமை பின்னேரம் எனக்கு ஒரு போன் வந்தது. மகளின் வகுப்பு ரீச்சர்.

“மகளை இன்னும் காணேல்லை, அதுதான் எடுத்தனான். வற்புறுத்தேல்லை ரீச்சர், முடிவு உங்கடதான். ஆனால் ஐஞ்சாம் தரம், புலமைப்பரிசில் சோதினை வருது. மற்றப் பிள்ளையள் எல்லாரும் வருகினம்.”

ஒவ்வொரு சொல்லும் நான் மற்றவர்களுக்குச் சொன்ன சொல். ‘ஆனால்’ வருகிற இடம்கூட அதே இடம். மகளின் முட்டு வருத்தத்தைப் பற்றிச் சொன்னேன். விளங்குகிறது, நாங்கள் கவனமாகத்தான் பார்க்கிறோம் என்றார். அவருக்கும் ஆரம்ப வகுப்பில் ஒரு மகன் இருப்பது எனக்குத் தெரியும்.

“உங்கட மகன் போறாரோ?” என்று கேட்டேன்.

ஒரு மூச்சு இழுத்தார். “ஓம், போறார்,” என்றார்.

அந்த மூச்சை எனக்குத் தெரியும். எனக்கு விசர் வந்தது. “பொய் சொல்லாதேங்கோ,” என்று கத்தினேன். “நீங்கள் உங்கட பிள்ளையைப் பொத்தி வைச்சுக்கொண்டு என்ர பிள்ளையை வரச் சொல்லுறீங்கள். உங்களை நம்பி விட்டு அவளுக்கு ஏதும் வந்தால் ஆர் பதில் சொல்லுறது? வெக்கமா இல்லையே உங்களுக்கு?”

  அவர் மெதுவாக, “நீங்களும் ரீச்சர்தானே. உங்கட வகுப்புத் தாய்மாருக்கு நீங்கள் என்ன சொன்னீங்கள்?” என்று கேட்டார்.

நான் போனை வைத்தேன்.

அந்த நேரமே அந்தத் தாய்க்கு எடுத்து உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். எடுத்தால் தகப்பனின் கையில்தான் போன் இருக்கும் என்று எனக்கு நானே சாட்டுச் சொன்னேன். புதன்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரம் அந்தத் தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றடியில் நின்றார். சுற்றிவர மற்றப் பெற்றோர் நின்றார்கள், சொல்லவில்லை. வியாழக்கிழமை அதிபர் பக்கத்தில் நின்றார், சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வகுப்பில் நூறு தரம் உண்மை பேச வேண்டும் என்று எழுத வைக்கிற ரீச்சருக்கு, ஒரு வசனம் சொல்ல மூன்று நாள் போதாமல் போயிற்று.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. இன்னும் மூன்று பேர் வரவில்லை. எல்லாருக்கும் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை சுகாதாரப் பரிசோதகர் வந்து என் வகுப்பை மூடினார். அந்த வீட்டில் தாய், தகப்பன், பிள்ளை, குழந்தை என்று எல்லாருக்கும் வந்திருந்தது.

குழந்தை பிழைத்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கேட்கிற ஆட்களைப் பதறவைத்துக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒன்பது நாள் வார்டில் கிடந்து, தாய்ப்பால் இழுத்துக் குடிக்கப் பலமில்லாமல் கிடந்து பிழைத்தது. தகப்பன் வேலைக்குப் போன இடத்தில் பிடித்திருக்கும், உங்கள் வகுப்பில் இருந்துதான் போனது என்று என்ன நிச்சயம் என்று அதிபர் எனக்கு ஆறுதல் சொன்னார். இருக்கலாம். எங்கிருந்து வந்ததென்று ஒருவருக்கும் தெரியாது. எங்கிருந்து வந்திருந்தாலும் நான் சொன்னது சொன்னதுதான். அந்த ஆறுதலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவருக்கு முகத்துக்கு நேரே சொன்னேன்.

எனக்குத் தொற்றில்லை என்று முடிவு வந்த அன்று பின்னேரம், குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முதல் நாள், அந்த வீட்டுக்குப் போனேன். பால்மாவும் பிஸ்கட்டும் மல்லியும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கேற்றடியில் வைத்துவிட்டுக் கூப்பிட்டேன். பிள்ளை முதலில் என்னைக் கண்டு ஓடி வந்தாள். தாய் வாசலில் இருந்து, “கிட்டப் போகாத. ரீச்சர் வீட்டிலயும் பிள்ளை இருக்கு,” என்று அவளை மறித்தார். காய்ச்சலில் முகம் வற்றிப் போயிருந்தது. உள்ளே குழந்தை இருமிக்கொண்டிருந்தது.

“ஏன் ரீச்சர் கரைச்சல்பட்டு வந்தனீங்கள்,” என்றார். “மகள் சுகமோ? அவவின்ர வகுப்பில ஒருத்தருக்கும் வரேல்லையோ? நான் நேற்று முழுக்க அதைத்தான் யோசிச்சனான். அவவும் போறவ எல்லோ.”

நான் வரும் வழியெல்லாம் கதையைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தேன். அதிபர் சொன்னது, கந்தோருக்கு அனுப்புகிற வரவு, மேலே இருக்கிறவர்களின் மரியாதையான வசனம், எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

“அவள் போகேல்லை,” என்றேன். “ஒரு நாளும் போகேல்லை. நான் அவளை விடேல்லை. உங்களுக்குப் பொய் சொன்னனான்.”

ஏசுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஏச வேண்டும் என்றுதான் விரும்பினேன். ஏசியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எல்லாரையும் சேர்த்துத் திட்டியிருப்பேன், இரண்டு பேருமாக அழுதுமிருப்போம். அவர் ஏசவில்லை. 

“அப்ப உங்களுக்கு அண்டைக்கே தெரியும்,” என்றார்.

கேள்வியாகக் கேட்கவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.