நின்றுகொண்டு தின்றது

பெரியம்மாவின் எடை எண்பத்து மூன்று கிலோ. எழுபத்திரண்டுக்கு இறங்கினால்தான் அவருடைய சிறுநீரகம் ஒன்றை எடுத்து மகளுக்கு வைக்க முடியும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அவர் உயரத்துக்கு அதற்குமேல் இருந்தால் ஆபத்தாம். மீதி ஒற்றைச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு பிற்பாடு அவரே படுக்கையில் விழும்படி ஆகிவிடலாமாம். பத்து வாரம் அவகாசம் கொடுத்தார்கள்.

மகளை நாங்கள் குருவி என்றுதான் கூப்பிடுவோம். இருபத்தாறு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை பார்த்தவள். இரண்டு வருடங்களாக வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். ஊசி போடுவதற்கென்று இடது கையில் அறுவை செய்து தடிக்க வைத்த ரத்தக்குழாய் ஒரு வருடத்தில் அடைத்துப்போயிற்று. வலது கையில் புதிதாகச் செய்தார்கள். அதுவும் இரண்டு முறை அடைத்து, இரண்டு முறையும் திறந்தார்கள். மூன்றாவது முறை அடைத்தால் திறக்க முடியும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பெரியப்பா இறந்து ஏழு வருடம் ஆகிறது. என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. என் ரத்த வகை சேரவில்லை. நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, ஒரு முதுகுப் பையோடு வந்து அவர்கள் வீட்டு முன்னறையில் பாய் விரித்திருந்தேன். இரண்டு வாரம் இருந்துவிட்டுக் கிளம்புவதாக எண்ணம். கொடுக்கக்கூடியவர் பெரியம்மா ஒருவர்தான் என்று தெரிந்த பிறகு அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

பெரியம்மா ஒரு தொழிற்சாலைச் சாப்பாட்டுக்கூடத்தில் தலைமைச் சமையல்காரர். இருபத்திரண்டு வருட வேலை. தினம் நானூறு பேருக்கு மதியச் சாப்பாடு. அங்கே அவருக்குப் 'பெரிய கரண்டி' என்று பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கரண்டியைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நாலு பேராவது இருக்கட்டும் என்பார்.

மருத்துவமனையில் எல்லோரும் 'டயட் மேடம்' என்று கூப்பிடுகிற பெண் ஒரு தாளில் தட்டு வரைந்து கொடுத்தார். தட்டில் பாதி காய்கள். கால் பங்கு புரதம்: மீன், கோழி, பருப்பு, பயறு, முட்டை. மிச்சக் கால் பங்குதான் சோறோ ரொட்டியோ. எண்ணெய் நாளைக்கு மூன்று சிறிய கரண்டி. காய், புரதம், சோறு மூன்றில் எதையும் விட்டுவிடக் கூடாது, அளவுதான் முக்கியம் என்று இரண்டு முறை சொல்லி, அதன் கீழே கோடும் போட்டார். குருவிக்கு வேறொரு தாள். டயாலிசிஸில் புரதம் கரைந்துபோவதால் அவள் நிறையப் புரதம் சாப்பிட வேண்டும். தினம் நான்கு முட்டையின் வெள்ளை கட்டாயம். ஆனால் பழம், பருப்பு, பால், தண்ணீர் எல்லாவற்றுக்கும் எல்லை.

இரண்டு தாளும் குளிர்பதனப் பெட்டியின் கதவில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. ஒரே அடுப்பு, இரண்டு சட்டம். சாப்பிட வேண்டியவளுக்கு வாயருகே கொண்டுபோனாலே குமட்டியது. சாப்பிடக் கூடாதவருக்கோ பசி கண்ணை அடைத்தது. "நம்ம வீட்டுல பசி ஆள் மாறிப் போயிடுச்சு," என்றாள் குருவி. நானும் சிரித்தேன். பெரியம்மா மட்டும் சிரிக்காமல் வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார்.

நான்கு வாரம் போயிற்று. எடை எண்பத்திரண்டு. அவ்வளவுதான்.

டயட் மேடம் கணினித் திரையைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எழுதிக் கொடுத்தபடி சாப்பிட்டிருந்தால் நான்கு கிலோவாவது குறைந்திருக்க வேண்டும் என்றார். குரலைத் தாழ்த்தி, மறைக்காமல் சொன்னால்தான் உதவ முடியும் என்றும் சொன்னார். பெரியம்மாவின் முகம் கறுத்துவிட்டது. தட்டில் வைத்ததைத் தவிர ஒரு பருக்கை தொட்டதில்லை என்று மகள் பேரைச் சொல்லி மேசையில் அடித்துச் சத்தியம் செய்யப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். வெளியே வந்ததும் நடைபாதைச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "திருடி மாதிரி பாக்குறா," என்றார். பேருந்தில் வரும் வழியெல்லாம் கைப்பையின் பட்டையை முறுக்கிக்கொண்டே வந்தார்.

அவர் பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். வீட்டில் அவர் சாப்பிடுவதையும், மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போவதையும் நான்தான் தராசில் நிறுத்து வைத்தேன். அதனால் அடுத்த நாள் அவரோடு வேலைக்குப் போனேன்.

சாப்பாட்டுக்கூடத்தின் சமையலறை நீளமானது. ஆறு பெரிய அடுப்புகள், தலைக்குமேல் புகை உறிஞ்சும் கூண்டு, எப்போதும் ஈரமான தரை. பெரியம்மா முதல் அடுப்பிலிருந்து ஆறாவது அடுப்புவரை நடப்பார், திரும்புவார், மறுபடி நடப்பார். போகிற வழியில் ஒவ்வொரு பாத்திரத்திலும் கரண்டியை விட்டு மேலாக எடுத்து உள்ளங்கையில் ஊற்றி நக்குவார். உப்பு போட்டதும் ஒருமுறை, காரம் சேர்த்ததும் ஒருமுறை, கொதி அடங்கியதும் ஒருமுறை. பொரித்த மீனில் ஓரத்தைக் கிள்ளி வாயில் போடுவார். வெந்த உருளைக்கிழங்கை நசுக்கிப் பார்த்துவிட்டு, விரலில் ஒட்டியதை வழித்துத் தின்பார். இதற்கெல்லாம் அவர் பேச்சை நிறுத்துவதுகூட இல்லை.

நான் ஒரு கண்ணாடித் தம்ளரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அவர் ஒரு வாய் எடுத்தால் அதே பாத்திரத்திலிருந்து அதே அளவு தம்ளரில் விட்டேன். காய் வெட்டுகிறவர் ஐம்பது வயது மனிதர், அந்தச் சமையலறையில் பெரியம்மாவைக் கிண்டல் செய்யத் துணிகிற ஒரே ஆள். என்ன ஆராய்ச்சி நடக்கிறது, கரண்டிக்குக் காவல் போட்டாயிற்றா என்று கேட்டார். பதினொரு மணிக்கு முதல் தம்ளர் நிறைந்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இரண்டாவதும் முக்கால் வந்துவிட்டது. ஆறியதும் இரண்டிலும் எண்ணெய் மேலே வந்து ஒரு விரற்கடைக்கு நின்றது.

பெரியம்மா அதை வெகுநேரம் பார்த்தார்.

"இது சாப்பாடாடி? ருசி பாக்குறது."

"வயித்துக்கு அது தெரியுமா பெரியம்மா?"

"நின்னுக்கிட்டே வாயில போட்டதையெல்லாம் யாரு சாப்பாடுன்னு நினைப்பா?"

காய் வெட்டுகிறவர் கத்தியை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இன்னொன்றையும் பார்த்தேன். தினமும் பார்த்ததுதான், கண்ணில் விழவில்லை. குருவிக்கு நான்கு முட்டையை அவித்து, உரித்து, வெள்ளையைத் தட்டில் வைத்தார். நான்கு மஞ்சள் கருவும் தொட்டியருகே ஒரு கிண்ணத்தில் கிடந்தன. பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டார். உணவைக் கொட்ட அந்தக் கைக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை அடுப்படியில் நின்றபடி முடித்தே பழகியவர். உட்கார்ந்து, தட்டு வைத்துச் சாப்பிட்டால் மட்டும்தான் அவருக்கு அது சாப்பாடு. நான்காவது கரு வாய்க்குப் போகும்போது என்னைப் பார்த்துவிட்டார். துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் நின்றார்.

எல்லாம் இனி சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்தத் தம்ளர் அவரை என்ன செய்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. மகளுக்கான நான்கு வாரத்தைத் தன் நாக்கு தின்றுவிட்டது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

மறுநாளிலிருந்து ருசி பார்ப்பதை அடியோடு நிறுத்தினார். இருபத்திரண்டு வருடமாக நாக்கால் அளந்த உப்பைக் கண்ணால் அளக்கத் தெரியவில்லை. ஒரு நாள் கரித்தது, ஒரு நாள் சப்பென்று இருந்தது. தொழிலாளர்கள் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். மேலாளர் கூப்பிட்டு உடம்பு சரியில்லையா என்று கேட்டாராம். கடைசியில் காய் வெட்டுகிறவர் தானே கரண்டியை வாங்கிக்கொண்டு, "ருசிய நான் பாக்குறேன். உங்க வயிறு இளைக்கட்டும், என் வயிறு போகட்டும்," என்றிருக்கிறார்.

எடை இறங்க ஆரம்பித்தது. எண்பது. எழுபத்தெட்டு. எழுபத்தாறரை. ஒவ்வொரு முறையும் நான் குருவிக்கு எடையைச் செய்தியாக அனுப்பினேன். அவள் ஒரு கைதட்டல் படம் அனுப்புவாள். நானும் தராசை நம்பினேன். டயட் மேடம் மட்டும் வேகம் அதிகமாக இருக்கிறது, புரதம் சரியாகச் சாப்பிடுகிறாரா என்று தொலைபேசியில் கேட்டார். தட்டில் வைக்கிறேன் என்றேன். அது உண்மைதான். நான் குளிக்கப் போகும் நேரத்தில் அந்த மீனும் கோழியும் குருவி டயாலிசிஸுக்கு எடுத்துப்போகும் டப்பாவுக்குப் போனது எனக்குத் தெரியாது. குருவி அதையும் சாப்பிட முடியாமல் டயாலிசிஸ் கட்டிலில் பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கொடுத்துவிடுவாள் என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது. கடைசி மூன்று வாரம் அவர் உடம்புக்குள் போனது வெள்ளரிக்காய், காய்ந்த ரொட்டி, சர்க்கரையில்லாத தேநீர். படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தலைமுடி சீப்போடு கொத்தாக வந்தது. கேட்டால், இளைக்கிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றார்.

பத்தாவது வாரம் தராசில் ஏறினார். செருப்பைக் கழற்றினார், வளையலைக் கழற்றினார், கொண்டை ஊசிகளைக்கூட உருவி என் கையில் கொடுத்தார். எழுபத்தொன்று புள்ளி ஆறு.

பெரியம்மா தராசைவிட்டு இறங்காமல் அங்கேயே நின்று அழுதார். "வந்துடுச்சுடி," என்றார்.

அதற்குப் பிறகு கையின் பலத்தை அளக்கிற ஒரு கருவியைக் கொடுத்து முடிந்தவரை அழுத்தச் சொன்னார்கள். நானூறு பேர் சோற்றுப் பாத்திரத்தைப் புரட்டிய கை அது. முள் பாதிகூடப் போகவில்லை. மறுபடி அழுத்தினார், பல்லைக் கடித்துக்கொண்டு. அதே இடம். ரத்தம் எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மருத்துவர் கூப்பிட்டார். குருவியும் உடன் வந்தாள்.

குறைந்ததில் பெரும் பங்கு கொழுப்பு இல்லை, தசை என்றார் மருத்துவர். புரதமே போகாததால் உடம்பு தன்னையே அரித்துத் தின்றிருக்கிறது. ரத்தத்தில் புரதம் இருக்க வேண்டிய அளவில் இல்லை. அவர் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் கேட்க முடியாததாக இருந்தது.

"இப்ப கத்தி வச்சா புண்ணு ஆறாதும்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க. எழுபத்தி மூணா இருந்தாலும் பாத்துக்கலாம், தெம்போட வாங்க."

"அவ கை மூணு மாசம் தாங்குமா டாக்டர்?"

மருத்துவர் மேசைமேல் இருந்த தாள்களை ஒழுங்காக அடுக்கினார்.

பெரியம்மா நாற்காலியைவிட்டு எழுந்தார். எழுதிக் கொடுக்கிறேன் என்றார். செத்தாலும் உங்களைக் கேட்க மாட்டோம் என்று கைநாட்டு வேண்டுமானாலும் வைக்கிறேன், இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எழுபத்திரண்டு என்று சொன்னது நீங்கள்தானே, வந்துவிட்டேனே, சொன்ன எண்ணைவிடக் கீழே வந்துவிட்டேனே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். டயட் மேடம் வந்து தோளைத் தொட்டார். பெரியம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார், பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டார். நான் கொண்டை ஊசிகளை இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கை தடித்திருந்தது.

வீடு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்திவிட்டுத்தான் குருவி பேசினாள்.

"மீனெல்லாம் நீ சாப்பிடாம எனக்கு வச்சியா?"

பெரியம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"நான் அதைத் தொடவே இல்லம்மா. பக்கத்துக் கட்டில் மாமா தின்னுட்டுத் தெம்பா இருக்காரு. உன் தசையெல்லாம் அவருக்குத்தான் போயிருக்கு."

சிரிப்பது போலத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் கிழிந்துவிட்டது. பெரியம்மா அவளை அடிக்கக் கையை ஓங்கினார். ஓங்கிய கை பாதிக்குமேல் எழவில்லை. குருவி அதைப் பார்த்துவிட்டாள். அருகே வந்து அந்தக் கையை இறக்கித் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"உன்னைத் தின்னுட்டு நான் இருக்க மாட்டேன். கேட்டுக்கோ. நீ எவ்வளவு சாப்பிடுறியோ, அவ்வளவுதான் நானும். நீ விட்டா நானும் விட்டுடுவேன்."

மிரட்டலா கெஞ்சலா என்று தெரியவில்லை. பெரியம்மா அதை மிரட்டலாகவே எடுத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து நான் கோழியை வேகவைத்து, நிறுத்து, இரண்டு தட்டில் வைத்தேன். பயறும் காயும் பெரியம்மா தட்டில் தாராளமாக, குருவி தட்டில் அளந்து. உள்ளங்கையளவு சோறு. ஒரு கரண்டி எண்ணெய். பத்து வாரம் பசியில் வெந்தவருக்கு இப்போது இறங்கவில்லை. மூன்றாவது வாயிலேயே தொண்டையைப் பிடித்துக்கொண்டார். குருவிக்குக் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் நிற்க, விழுங்கினாள். விழுங்கிவிட்டு அம்மாவின் தட்டைப் பார்த்தாள். பெரியம்மா அடுத்த துண்டை எடுத்தார்.

இடையில் ஒருமுறை இடது கையை நீட்டி, மகளின் வலது கை மணிக்கட்டுக்குமேல் தடித்திருந்த குழாயின்மீது விரலை வைத்தார். ரத்தம் ஓடினால் அங்கே பூனை உறுமுவது போல மெல்லிய அதிர்வு இருக்கும். டயாலிசிஸ் எடுப்பவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அதைத் தொட்டுப் பார்ப்பது பழக்கம். பெரியம்மா மெல்லுவதை நிறுத்திவிட்டு விரலை அங்கேயே வைத்திருந்தார்.

"இருக்கா?" என்றாள் குருவி.

"இருக்கு. நீ சாப்பிடு," என்றார்.